உபரித் தலை

கனிஷ்கா படிக்கிற பிள்ளை என்பது எங்கள் ஊருக்கே தெரியும். மளிகை கட்டிக் கொடுத்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் குப்பையில் போடுவாள். ஏழாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தும் தலைமையாசிரியர் குமரகுரு, அவள் என்ன கேட்டு வைப்பாளோ என்று யோசித்துக்கொண்டேதான் உள்ளே வருவார். இதையெல்லாம் நாங்கள் கண்ணால் பார்த்தோம். கண்ணால் பார்த்தது இனிமேல் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். கைபேசி பார்த்ததுதான் செல்லுமாம்.

சொன்னவர்கள் 'கைக்குள் கல்வி இயக்கக'த்தார். வீட்டிலும் பள்ளியிலும் கைபேசியைக் கொண்டு குழந்தைகளின் கற்றலை ஊக்குவிப்பது அவர்கள் வேலை. சேலம் சூரமங்கலத்தில், ஜங்ஷனுக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரியின் மேல்மாடியில் அவர்களுடைய அலுவலகம். அங்கே மண்டல ஊக்குவிப்பு அலுவலராகத் தமிழரசு என்பவர் இருந்தார். கீழே பன் வெந்துகொண்டிருக்க, மேலே ஊக்கம் தயாராகி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

வெண்ணந்தூர்ப் பக்கமிருக்கும் எங்கள் ஊர் நடுநிலைப்பள்ளிக்கும் அது வந்து சேர்ந்தது. திட்டத்தைத் தொடங்கி வைக்கத் தமிழரசே காரில் வந்தார். பெற்றோரை வெயிலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

"பெற்றோர்களே, இதுவரை உங்கள் பிள்ளைகள் படித்தார்கள் என்கிறீர்கள். எங்கே, காட்டுங்கள் பார்ப்போம்" என்று ஆரம்பித்தார். யாரும் எதையும் காட்டவில்லை. "பார்த்தீர்களா? இனி உங்கள் பிள்ளை வீட்டில் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தோளில் தட்டிக் கொடுக்க வேண்டும். அதைப் படமெடுத்து எங்கள் செயலியில் அனுப்ப வேண்டும். படம் வந்தால்தான் நீங்கள் தட்டியதாக அர்த்தம்."

"தட்டாம, படத்த மட்டும் எடுத்து அனுப்புனா ஆவாதுங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"தாராளமாக."

சின்னாயி எழுந்து நின்றாள். "எம்பையனுக்குக் கூட்டலே வரமாட்டேங்குதுங்க சார். அதுக்கு இந்தப் போன்ல ஏதாச்சும் இருக்குதுங்களா?"

தமிழரசு அவளைப் பாராட்டும் விதமாகச் சிரித்தார். "நல்ல கேள்வி. இது முதல் கட்டம். இதில் ஊக்கம் மட்டும்தான். இரண்டாம் கட்டத்தில் ஊக்கத்தை அளப்போம். கற்றல் மூன்றாம் கட்டத்தில் சேர்க்கப்படும்."

எல்லாரும் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். வெயில் அப்படி.

பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு போன் நம்பரைக் கேட்டுப் பதிந்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். திருச்செங்கோட்டிலிருந்து இந்தப்பக்கம் எங்கள் ஊர் வரைக்கும் பல வீட்டு ஆண்கள் ரிக் வண்டிக்குப் போய்விடுவார்கள். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிற லாரி. சத்தீஸ்கர், ஒடிசா என்று போனால் மாசக்கணக்கில் திரும்பமாட்டார்கள். ஆனால் வீட்டில் எதற்கு நம்பர் கேட்டாலும் அவர்களுடைய நம்பரைத்தான் கொடுப்பார்கள். கேஸ், ரேஷன், பாங்க், பிள்ளைக்குத் தடுப்பூசி, எல்லாவற்றுக்கும். ராய்ப்பூருக்கு அந்தப்பக்கம் ஏதோ ஒரு காட்டில் தலைமயிரெல்லாம் கல்லுமாவு படிந்து நிற்கிறவனுக்கு, 'உங்கள் சிலிண்டர் வந்துவிட்டது' என்று ஒரு மெசேஜ் போகும். உடனே வீட்டுக்குக் கூப்பிட்டு, "ஏம்புள்ள, கேஸ் வந்திருச்சா?" என்பான். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு அவன் குடும்பம் நடத்துவது அந்த மெசேஜில்தான். அதையும் பிடுங்கிக்கொள்ள எந்தப் பெண்டாட்டிக்கும் மனசு வராது.

கனிஷ்காவின் அம்மா அறிவுச்செல்வி தறிப் பட்டறையில் வேலை செய்கிறவள். அவளிடமும் டச் போன் இருந்தது. ஆனாலும் வழக்கப்படி வீட்டுக்காரன் கதிர்வேலின் நம்பரைத்தான் சொன்னாள். சத்தீஸ்கரில் ரிக்கின் மேல் நின்றிருந்த கதிர்வேலுக்கு ஓ.டி.பி. போனது. அவன் கம்ப்ரசர் சத்தத்துக்கு நடுவே அதைக் கத்திச் சொன்னான். மகள் படிப்பில் தனக்கும் ஒரு வேலை கிடைத்ததில் அவனுக்குப் பெரிய சந்தோஷம்.

மறுநாள் அறிவுச்செல்வி மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, தன் போனில் அந்தச் செயலியைத் திறந்தாள். 'நீங்கள் ஊக்குவிக்கும் பெற்றோர் அல்ல' என்று வந்தது. பெற்றவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பள்ளிக்கு ஓடினாள்.

"அம்மிணி, எந்த நம்பர்ல பதிஞ்சமோ அந்தப் போன்லதான் தெறக்குமாமா" என்று கையைப் பிசைந்தார் குமரகுரு. "படம் போகலீன்னா அவுங்க ஆபீசுத் திரையில நம்ம பள்ளிக்கூடம் செவப்புல உழுந்துரும். செவப்புல உழுந்தா என்னைய ஊக்கமற்றோர் பயிற்சின்னு சூரமங்கலத்துக்குத் தாட்டி உட்டுருவாங்க. எனக்குச் சக்கர இருக்குதுங்கம்மா. அந்தப் பேக்கரி மேல போயி என்னால உக்கார முடியாது. உங்க ஊட்டுக்காரரயே எப்படியாச்சும் ஒரு படம் அனுப்பிச்சு உடச் சொல்லுங்க."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. கதிர்வேல் தன்னைத்தானே படமெடுத்து அனுப்பினான். 'படத்தில் ஒருவரே உள்ளார். ஊக்கம் தனிமையில் நிகழ்வதல்ல' என்று பதில் வந்தது. அதே வண்டியில் துளை போடும் டிரில்லர் சென்னிமலையைக் கூப்பிட்டான். சென்னிமலைக்குத் தாடியெல்லாம் நரை.

"நா உனக்குத் தட்டிக் குடுக்கோணுமா? என்றா கதிரு இது கூத்து?"

"ஒரே ஒரு போட்டோவுக்குத்தானுங்கண்ணா. புள்ளையோட படிப்பு."

பிள்ளையின் படிப்பு என்றதும் சென்னிமலை கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கதிர்வேலின் தோளில் கை வைத்தார். செயலி இரண்டு முகங்களையும் உற்றுப் பார்த்தது. இரண்டு முகம் இருந்தால் இளைய முகம்தான் கற்பவர் என்பது அதற்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்த விதி. கதிர்வேலின் முகத்தைச் சுற்றி ஒரு பச்சை வட்டம் விழுந்தது. 'வணக்கம் கனிஷ்கா! உன் கற்றல் பயணம் தொடங்கியது' என்றது.

பள்ளி பச்சைக்கு வந்தது. குமரகுரு அன்றைக்குச் சர்க்கரை போட்டே டீ குடித்தார்.

பயணம் தொடங்கிவிட்டால் செயலி சும்மா விடாது. கேள்வி கேட்கும். போர்க்குழியில் இறக்கும் இரும்பு ராடு மாற்றுகிற நேரத்திலெல்லாம் கேட்கும். பதில் சொல்லாவிட்டால் 'கற்பவர் சோர்ந்துள்ளார்' என்று பள்ளிக்குத் தகவல் போகும். கதிர்வேல் எட்டாவதோடு நின்றவன். அதையும் மறந்து வெகுகாலமாகிவிட்டது. கிரீஸ் கையோடு பின்னக் கணக்கில் ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டு ராடைத் தூக்க ஓடுவான். தினமும் தொட்டான், தினமும் தப்பு. கனிஷ்கா 'மெல்ல மலர்பவர்' பட்டியலுக்குப் போனாள்.

அதைக் கேட்டு அவள் அழுத அழுகையை நான் பார்த்தேன். "நா ஒரு கணக்குக் கூடத் தப்புப் போட்டதில்லீங்ளேம்மா" என்று ஏங்கி ஏங்கி அழுதாள். பிறகு அவளாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவுக்குப் போனிலேயே விடை சொல்லித் தருவதாகச் சொன்னாள். அதையும் செய்து பார்த்தார்கள். செயலி திறந்திருக்கும்போது அழைப்பு வந்தால், 'கற்பவரின் கவனம் சிதறுகிறது' என்று அது மூடிக்கொண்டது. கவனத்தைச் சிதறடித்தவராக அறிவுச்செல்வியின் நம்பரைக் குறித்துக்கொண்டது.

ரிக் ஓரிடத்தில் நிற்கிற வண்டியல்ல. இங்கே தண்ணீர் கண்டால் அடுத்த காட்டுக்குப் போய்விடும். தண்ணீர் காணாவிட்டால் இன்னும் சீக்கிரம் போய்விடும். சூரமங்கலத்தில் தமிழரசின் சுவரில் இருந்த பெரிய திரையில், கனிஷ்கா என்ற பச்சைப் புள்ளி மாநிலம் விட்டு மாநிலம் ஊர்ந்துகொண்டிருந்தது. முதலில் அவர் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டு, 'பயணித்துக்கொண்டே பயிலும் மாணவி' என்று மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் அவரைப் பாராட்டிப் பதில் எழுதியது. கூடவே, வெளிமாநிலத்தில் பயிலும் குழந்தையின் பெயர் உள்ளூர்ப் பள்ளியில் எதற்கு என்றும் கேட்டது.

அங்கேதான் பிடித்தது சனியன். அடுத்த வாரமே கனிஷ்காவின் பெயருக்கு எதிரே 'வெளிமாநிலம்' என்று விழுந்து, வகுப்புக் கணக்கில் ஒரு பெயர் குறைந்துவிட்டது.

வகுப்பறையைக் காலையிலும் மதியத்திலும் படமெடுத்து அனுப்ப வேண்டும் என்பது திட்டத்தின் இன்னொரு சடங்கு. செயலி தலைகளை எண்ணும். பெயர்களை விடத் தலைகள் குறைந்தால் மஞ்சள். கூடினால் சிவப்பு. அன்றைக்குப் படமெடுத்ததும் திரையில், 'வகுப்பறையில் உபரித் தலை உள்ளது. உடனே அப்புறப்படுத்தவும்' என்று வந்தது. கனிஷ்காவின் தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

குமரகுரு கெட்ட மனுஷன் இல்லை. படமெடுக்கிற நேரத்துக்கு மட்டும் அவளைக் கடைசி பெஞ்சுக்குக் கீழே குனிந்துகொள்ளச் சொன்னார். செயலி ரிப்பனைக் கண்டுபிடித்தது. கதவுக்குப் பின்னால் நிறுத்தினார். பாடத்தைக் கேட்கிற ஆர்வத்தில் பிள்ளை எட்டிப் பார்க்க, அதுவும் விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே உட்கார வைத்தார். வெயில் ஏறியதும் அவள் நிழல் உள்ளே வந்து சுவரில் விழுந்தது. நிழலுக்கும் தலை உண்டல்லவா.

கடைசியில் ஒருநாள் அறிவுச்செல்வியை வரச் சொல்லி, அவள் முகத்தைப் பார்க்காமலேயே பேசினார். "அம்மிணி, நீங்க கொஞ்ச நாளைக்குப் புள்ளைய ஊட்டுலயே வெச்சுக்குங்க. ஒரு புள்ளைக்கு ஒரே பதிவு நெம்பர், சாகற வரைக்கும் அதானாமா. அந்தப் பேரு அடிபட்டுப் போச்சுன்னா அப்பறம் இந்த ஜில்லாவுல எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சேக்கமாட்டாங்க. நீங்க நேராப் போயி அந்த ஆபீசரப் பாருங்க. புள்ளையவும் கூட்டிட்டுப் போங்க. நேர்ல பாத்தா எரக்கப்படுவாரு."

அறிவுச்செல்வி பட்டறையில் லீவு சொல்லிவிட்டு, மகளுக்கு இருப்பதில் நல்ல பாவாடை சட்டை போட்டு, சூரமங்கலத்துக்கு பஸ் ஏறினாள். பேக்கரி படியேறி மேலே போனார்கள். தமிழரசு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், எம்புள்ள இங்கியேதானுங்க இருக்குது. வெளிமாநிலமெல்லாம் போவலீங்க. இதா நிக்குது பாருங்க."

தமிழரசு கையைத் தூக்கிக் கண்ணுக்கு மறைப்பாக வைத்துக்கொண்டார். "தயவுசெய்து குழந்தையை என் பார்வையில் நிறுத்தாதீர்கள் அம்மா. நான் எந்தக் குழந்தையையும் நேரில் பார்த்து முடிவெடுப்பதில்லை. பார்த்தால் இரக்கம் வரும். இரக்கம் வந்தால் நடுநிலை போய்விடும். இத்தனை ஆயிரம் குழந்தைகளை ஊக்குவிக்கிறேன், ஒரு குழந்தையையும் பார்த்ததில்லை. அதனால்தான் என்மீது ஒரு புகார்கூட இல்லை."

"அப்படீன்னா நம்பரயாச்சும் எம்பட நம்பருக்கு மாத்திக் குடுத்துருங்க சார்."

"தாராளமாக மாற்றலாம். பழைய எண்ணும் புதிய எண்ணும் கடந்த ஓராண்டு முழுக்க ஒரே வீட்டில் சேர்ந்து இருந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்."

"ஒரே ஊட்டுல இருந்திருந்தா நா எதுக்குங்க நம்பர மாத்தோணும்?"

"அதனால்தான் இதுவரை ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை" என்றார் தமிழரசு. "அதை மக்களின் மனநிறைவு என்று நாங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறோம்."

கனிஷ்கா அம்மாவின் முந்தானைக்குப் பின்னாலிருந்து மெல்லக் கேட்டாள். "சார், நா ஒரு கணக்குப் போட்டுக் காட்டட்டுங்களா? எது வேணாலும் குடுங்க சார். சரியாப் போட்டுட்டா நாந்தான்னு தெரிஞ்சுக்குவீங்கல்ல?"

"வேண்டாம், வேண்டாம்!" தமிழரசு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "நீ சரியாகப் போட்டுவிட்டால் அதை நான் எங்கே பதிவது?"

மேஜையில் கண்ணாடிக்கு அடியில் ஒரு பையனின் படம் இருந்தது. வேறு என்ன பேசுவது என்று தெரியாமல் அறிவுச்செல்வி அதைப் பார்த்தாள். "உங்க பையனுங்களா? தம்பிக்கும் தெனமும் தட்டிக் குடுத்துப் படமெடுக்கறீங்களா சார்?"

"நிலவனா? அவன் ஏற்காட்டில் படிக்கிறான். போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிற பள்ளி. அதில் இடம் வாங்க நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. நாள் முழுக்கப் புத்தகம்தான்." அவர் குரல் அப்போது மட்டும் கொஞ்சம் குழைந்தது. "ஊக்கமெல்லாம் ஊக்கம் இல்லாத இடத்துக்குத்தானே அம்மா?"

கிளம்பச் சொல்வதற்கு முன்னால், முறைக்காக, உதவியாளரை விட்டு கனிஷ்காவின் முகத்தைப் போனில் பிடிக்கச் சொன்னார். 'பொருந்தவில்லை' என்று சிவப்பு வந்தது. பிறகு அந்தப் பெயரில் வந்திருந்த படங்களைத் திரையில் ஓட விட்டார். ஒவ்வொரு படத்திலும் தலைக்கவசம், கல்லுமாவு, பின்னால் ராட்சச எந்திரம், தோளில் ஒரு கிழவரின் கை. தமிழரசு எழுந்தே நின்றுவிட்டார்.

"கனிஷ்காவை ரிக் வண்டியில் வேலைக்கு விட்டிருக்கிறீர்கள். அதை மறைக்க வேறொரு குழந்தையைக் கொண்டுவந்து காட்டுகிறீர்கள். சொல்லுங்கள், உண்மையான கனிஷ்கா எங்கே?"

பெற்ற பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவளிடம், உன் பிள்ளை எங்கே என்று கேட்டால் அவள் எதைக் காட்டுவாள்? "இதுதானுங்க, இதுதானுங்க" என்று மகளை முன்னால் முன்னால் தள்ளினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டு நாளில் ஊருக்கு ஜீப் வந்தது. 'குழந்தைத் தொழிலாளர் மீட்பு' என்று பேனர் கட்டி, பிஸ்கட் பாக்கெட்டுகளோடு வந்தார்கள். வீட்டைத் திறந்து பார்த்தார்கள், பரணில் ஏறிப் பார்த்தார்கள், மாடு கட்டும் கட்டுத்தறிக்குப் பின்னால் தேடினார்கள். கனிஷ்காவே அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்துவிட்டு, "பாப்பா, கனிஷ்காங்கற புள்ளைய எங்க ஒளிச்சு வெச்சிருக்காங்க, தெரியுமா?" என்று அவளிடமே கேட்டார்கள்.

"நாந்தானுங்க அது."

"இப்படிச் சொல்லச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள்" என்று ஒருவர் மற்றவரிடம் வருத்தமாகச் சொன்னார்.

ஊரே கூடி, பிள்ளை இதுதான் என்று சத்தியம் செய்தோம். ஊரே சேர்ந்து மறைப்பதாக எழுதிக்கொண்டார்கள். கனிஷ்காவை உடனே கொண்டுவந்து ஒப்படைக்காவிட்டால் அவள் பெயர் நிரந்தரமாக அடிக்கப்படும், தாய் தகப்பன் மேல் வழக்கு வரும் என்று சொல்லிவிட்டு, பிஸ்கட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஜீப் மண் அடங்குவதற்குள் அறிவுச்செல்வி புருஷனைக் கூப்பிட்டாள். "ஏனுங்க, எனக்கு இதுக்கு மேல தெம்பு இல்லீங்க. இன்னிக்கே பொறப்பட்டு வாங்க. புள்ளையோட பேர அழிச்சுப்போடுவாங்களாட்டம் இருக்குதுங்க."

"பாதிப் போர்ல நிக்குது வண்டி. இப்பப் போனா வேற ஆளப் போட்டுருவாங்க புள்ள."

"போட்டுக்கட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு அவள் அழத் தொடங்கினாள்.

கதிர்வேல் கிளம்பி வந்தான். முதலாளி சொன்னபடியே வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். ரயில் சேலம் ஜங்ஷனில் நின்றதும், வீட்டுக்கு வராமல், பையும் கையுமாக நேராகப் பேக்கரி மாடிக்குத்தான் போனான். நடந்ததை நாலு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும் என்று அந்த மனுஷன் நம்பினான்.

வாசலில் நின்ற உதவியாளர், முறைக்காக, அவன் முகத்தைப் போனில் பிடித்தார்.

பச்சை. 'கனிஷ்கா மீட்கப்பட்டார்' என்று திரை முழுக்கப் பூ மழை கொட்டியது. அலுவலகமே எழுந்து கைதட்டியது. யாரோ ஓடிப்போய்க் கீழிருந்து கேக் வாங்கி வந்தார்கள். கதிர்வேலின் தோளில் ஒரு புத்தகப் பையை மாட்டி, கையில் தண்ணீர் பாட்டிலும் கலர் பென்சில் டப்பாவும் கொடுத்தார்கள்.

"சார், நா கனிஷ்கா இல்லீங்க. நா அவ அப்பனுங்க" என்றான்.

"மீட்ட குழந்தைகள் முதலில் இப்படித்தான் குழம்பிப் பேசும்" என்றார் தமிழரசு. மகிழ்ச்சியில் தன் கொள்கையைக் கொஞ்சம் தளர்த்தி, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கற்பவரை நேருக்கு நேர் பார்த்தார். மீசையைப் பார்த்தார். காய்த்துப்போன கையைப் பார்த்தார். அவர் கண் நிஜமாகவே கலங்கிவிட்டது. "பாருங்கள், வேலைக்கு அனுப்பினால் குழந்தைகள் எவ்வளவு சீக்கிரம் முதிர்ந்துவிடுகிறார்கள்!"

அங்கிருந்தவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு அவர் சட்டத்தைச் சொன்னார். மீட்கப்பட்டவர் நாளையிலிருந்து வகுப்பில் இருக்க வேண்டும். காலையும் மதியமும் முகம் காட்ட வேண்டும். தவறினால் மறுபடி வேலைக்கு அனுப்பிவிட்டதாகக் கருதி, பெயரை அடித்து வழக்குப் போடப்படும்.

மறுநாள் கதிர்வேல் ஏழாம் வகுப்பில் போய் உட்கார்ந்தான். பெஞ்சுக்குள் கால் நுழையவில்லை, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டான். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். குமரகுரு வருகை எடுத்தபோது அந்தப் பெயருக்கு வந்ததும் பதிவேட்டை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். அதன் பின்னாலிருந்து, "கனிஷ்கா" என்றார்.

"உள்ளேனுங்கய்யா" என்றான் கதிர்வேல். அதற்கப்புறம் பிள்ளைகள் சிரிக்கவில்லை.

தலைக்கணக்கு சரியானது. பள்ளி பச்சைக்கு வந்தது. பின்னால் ரிக் வண்டியும் கம்ப்ரசர் ஓசையும் இல்லாமல் போனதில் செயலிக்கு அவன்மேல் திருப்தி உண்டானது. தோளில் தட்ட இப்போது பெண்டாட்டியே பக்கத்தில் இருந்தாள். இளைய முகம் எது என்பதில் மட்டும் செயலிக்குக் கொஞ்சம் தடுமாற்றம் வந்தது. அறிவுச்செல்வி தலையில் திருநீறைப் பூசி நரைக்க வைத்துக்கொண்டாள். சூரமங்கலத்திலிருந்து பாராட்டு வந்தது. இந்த மண்டலத்திலேயே மிக வேகமாக முன்னேறிய மாணவி கனிஷ்காவாம்.

நிஜக் கனிஷ்காவுக்கு எங்கேயும் இடமில்லை. வகுப்புக்குள் போனால் உபரி. வீட்டில் தனியாக இருந்தால், ஜீப் வந்து, இது யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கும். அதனால் அம்மா கூடவே பட்டறைக்குப் போனாள். முதல் நாள் தறிச் சத்தத்தில் மூலையில் உட்கார்ந்து புத்தகம் படித்தாள். பிறகு, சும்மா உட்கார்ந்திருக்கிறதே பிள்ளை என்று பட்டறைக்காரர் தார் சுற்றும் மெஷினைக் காட்டிக் கொடுத்தார். தறிக்கு வேண்டிய நூலைச் சின்னச் சின்னக் கட்டைகளில் சுற்றுகிற வேலை. அப்பனின் சம்பாத்தியம் நின்றுபோன வீடு. அறிவுச்செல்வி வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள், சொல்லவில்லை. அவளை நான் குறை சொல்லமாட்டேன். சொல்கிறவர்கள் வந்து அந்தப் பட்டறையில் ஒருநாள் நிற்கட்டும்.

கூர்மையான பிள்ளை. நூல் அறுந்தால் முடிச்சுப் போடுவதை ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். தோளில் தட்டவோ படமெடுக்கவோ அங்கே யாரும் இல்லை.

பொழுது சாய்ந்து பட்டறை விட்டு அவள் வரும்போது கதிர்வேல் பள்ளியிலிருந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்திருப்பான். புத்தகப் பை பக்கத்தில் இருக்கும். அவள் தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். முகம் கழுவக்கூடப் போகாமல் எதிரே வந்து உட்கார்ந்துகொள்வாள்.

"இன்னிக்கு என்னங்கப்பா நடத்துனாங்க?"

கதிர்வேல் நாளெல்லாம் நடந்ததை நினைத்துப் பார்த்தான். காலையில் தலை எண்ணியது. முதல் படம் மங்கலாக விழுந்ததென்று மறுபடி எண்ணியது. சிக்னல் கிடைக்கவில்லை என்று வகுப்பையே கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனது. மதியம் சூரமங்கலத்தில் கேட்டார்களென்று எல்லாரும் ஒருவர் தோளை ஒருவர் தட்டி நின்றது. நடுவில் ஒரேயொரு முறை குமரகுரு சாக்பீஸை எடுத்தார்.

"பின்னம்னு எழுதுனாரு சாமி" என்றான். "அப்பறம் போன் வந்துருச்சு. போட்டோவுக்கு நிக்கச் சொல்லிப்போட்டாங்க."

"பின்னத்துல பெருக்கலுங்களா, வகுத்தலுங்களா?"

"அதச் சொல்லலியே சாமி."

அவள் அப்பாவின் பையைத் திறந்து புத்தகத்தை எடுத்தாள். நூல் இழுத்து விரல் நுனியெல்லாம் அறுந்திருந்தது. பக்கத்தைப் புரட்டவே சிரமப்பட்டாள். கதிர்வேலுக்கு எங்கேயாவது போய்க் கத்த வேண்டும்போல இருந்தது. யாரிடம் போய்க் கத்துவது என்றுதான் தெரியவில்லை.

"நாளைக்காச்சும் அவரு எழுதுறதக் கவனிச்சுட்டு வாங்கப்பா" என்றாள் கனிஷ்கா. "நா மறந்துருவேனாட்டம் இருக்குதுங்க."

"கவனிச்சுட்டு வாரேன் சாமி" என்றான் கதிர்வேல்.